ஸ்டிக்கர் போனது, பசை போகவில்லை

ஒரு பெருவிரல் அளவு விலைச் சீட்டினால் எங்கள் வீட்டில் உம்மாவுக்கும் மகனுக்கும் மூன்று நாள் பேச்சில்லாமல் போனது என்றால் வாசக சகோதரிகள் சிரிப்பீர்கள். எனக்கு அந்த மூன்று நாளும் சிரிப்பு வரவில்லை.

மெல்பேர்னில் இருக்கும் என் தம்பி சென்ற விடுமுறைக்கு வந்தபோது என் மகனுக்கு இரண்டு கிரிக்கெட் அட்டைகள் கொண்டு வந்தார். பழைய அட்டைகள் விற்கும் கடையொன்றில் வாங்கியவை. இரண்டிலும் அரவிந்த டி சில்வா. லாகூரில் 1996 மார்ச் 17 அன்று நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து, மூன்று விக்கெட்டுகளையும் சாய்த்தாரே, அந்த அரவிந்த. மகன் அப்போது பிறக்கவேயில்லை. ஆனாலும் அவனுடைய வாப்பா சொல்லிச் சொல்லி, அந்த ஆட்டத்தைத் தானே மைதானத்தில் இருந்து பார்த்தவன் போலக் கதைப்பான். அட்டைகள் ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தன. பெட்டியின் முன்பக்கத்தில், சரியாக அரவிந்தவின் துடுப்புக்கு மேலே, பன்னிரண்டு டொலர் என்று எழுதிய ஸ்டிக்கர்.

மகனுடைய உயிர்த் தோழனின் வாப்பாவுக்குக் கட்டாரில் வேலை கிடைத்துக் குடும்பமாகப் போகிறார்கள். இரண்டில் ஒன்றை அவனுக்குக் கொடுக்கப் போவதாக மகன் சொன்னபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "ஆனா உம்மா, வெல ஒட்டியிருக்கே. வெலயோட எப்படிக் குடுக்கிற?" என்றான். நியாயமான கேள்விதான். அன்பளிப்பில் விலை தெரியக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

அவன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் நானே அதை முடித்து வைக்கலாம் என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். மேல்கடதாசி துண்டு துண்டாகக் கிழிந்து வந்தது, பசை அப்படியே இருந்தது. தங்கச்சியின் அலுமாரியில் நகப்பூச்சு அழிக்கும் ரிமூவர் இருந்தது. பஞ்சில் நனைத்து நாலு தேய் தேய்த்தேன். பசை போனது. அதோடு பெட்டியின் தெளிவும் போனது. தேய்த்த இடம் முழுவதும் குளிர்காலத்து ஜன்னல் போல வெள்ளை பாய்ந்துவிட்டது. கழுவினேன், துடைத்தேன், எண்ணெய் பூசினேன், ஒன்றுக்கும் அசையவில்லை. நல்லவேளை, அட்டையை முன்பே வெளியில் எடுத்து வைத்திருந்தேன்.

மகன் வந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். எந்தப் பிளாஸ்டிக்குக்கு எது ஆகும், எது ஆகாது என்பது தெரியாமல் நாம் எத்தனை பாத்திரத்தையும் பெட்டியையும் பாழாக்கியிருக்கிறோம் என்று யோசித்தால் கவலையாக இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

"இந்தக் கடதாசித் துண்டுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் பேஸ்போல் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைப் பிள்ளைகள் நூறு ஆண்டுக்கு மேலாகச் சேர்க்கிறார்கள். முதலில் சிகரெட் பெட்டிக்குள்ளும் பிறகு சுவிங்கம் பொதிக்குள்ளும் வைத்து விற்கப்பட்டவை அவை. 1952ல் வெளியான மிக்கி மேன்டில் என்ற வீரரின் அட்டையொன்று 2022 ஓகஸ்டில் 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. மடியாமல், மூலை மழுங்காமல் அது அத்தனை வருடம் இருந்ததற்குத்தான் அந்தப் பணம். பிள்ளைகள் வளர்ந்ததும் சப்பாத்துப் பெட்டியோடு அட்டைகளைத் தூக்கி வீசியது அங்கேயும் தாய்மார்தான் என்று அந்த நாட்டில் இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள். நம் பிள்ளைகளின் அட்டை கோடிக்குப் போகப் போவதில்லை. ஆனால் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

பசை ஏன் விடாது?

கோதுமை மாவில் காய்ச்சும் பசையும் தபாற்கந்தோர்ப் பசையும் காய்ந்தால் இறுகிவிடும், நீர் பட்டால் இளகிவிடும். ஸ்டிக்கர் பசை அந்தச் சாதியில்லை. அது எக்காலமும் காயாமல் ஒட்டுந்தன்மையோடு இருப்பதற்கென்றே றப்பர் வகையிலிருந்தோ அக்ரிலிக் வகையிலிருந்தோ செய்யப்படுவது. விரலால் அழுத்தினாலே போதும், நனைக்கத் தேவையில்லை. இப்படித் தானே ஒட்டும் லேபல்களை 1935ல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஸ்டான் ஏவரி என்பவர் தயாரித்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பு கடைக்காரர்கள் நக்கி ஒட்டும் சீட்டைத்தான் பாவித்தார்கள்.

இந்தப் பசை பாதி திரவம், பாதி றப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளாக நாளாகப் பெட்டியின் மேற்பரப்பில் நன்றாகப் படிந்து பரவிவிடும். அப்போது வெடுக்கென்று இழுத்தால் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். இழுக்கும் விசை கடதாசியின் பலத்தை மிஞ்சியதும் கடதாசி கிழியும், பசை மிஞ்சும். மெதுவாக இழுத்தால் பசைக்கு இளகி வர நேரம் கிடைக்கும். சூடு காட்டினால் இன்னும் இளகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. இன்னொன்றும் உண்டு: சில கடைகளின் விலைச் சீட்டில் சின்னச் சின்ன வெட்டுகள் வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். ஒரு பொருளின் மலிவு விலைச் சீட்டைக் கழற்றி வேறொன்றில் ஒட்டும் கெட்டிக்காரர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. அப்படியான சீட்டு எவ்வளவு பொறுமையாக இழுத்தாலும் துண்டாகத்தான் வரும்.

பெட்டி எந்தப் பிளாஸ்டிக்?

நான் பிழை விட்டது இங்கேதான். எல்லாம் பிளாஸ்டிக் என்று நினைத்தேன். அட்டை வைக்கும் உறைகளிலேயே நாலு வகை உண்டு.

முதலாவது, தொட்டால் சலசலக்கும் மெல்லிய உறை. பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன். அதில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மினக்கெட வேண்டாம், உறையை மாற்றிவிடுங்கள். மலிவானது.

இரண்டாவது, மேற்பக்கம் மட்டும் திறந்த, தகடு போன்ற விறைப்பான உறை. இது பி.வி.சி. வகை. நம் வீட்டு நீர்க்குழாயின் சொந்தக்காரன். ஓரளவு முரடானது, எண்ணெயும் சவர்க்காரமும் தாங்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டால் ஒரு துடை துடைத்தாலும் குற்றமில்லை. ஆனால் சூட்டுக்குப் பயந்தது. எண்பது பாகை சென்டிகிரேட் வருமுன்பே வளைந்து நெளிந்துவிடும். கொதிநீர் காட்டவே கூடாது.

மூன்றாவது, ஆணி முடுக்கியும் காந்தம் வைத்தும் மூடும் தடித்த பெட்டிகள். இவை பெரும்பாலும் அக்ரிலிக். பார்க்கக் கண்ணாடியை விடத் தெளிவு. ஆனால் பெருங்குடும்பத்து மருமகள் போல, சின்னச் சொல்லும் தாங்காது. அசிட்டோன் பட்டால் கரைந்து வெள்ளையாகும். ஸ்பிரிட் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது, பிறகு ஆணித் துவாரங்களைச் சுற்றியும் ஓரங்களிலும் மயிரிழை போல வெடிப்புகள் ஓடும். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவங்களும் அப்படியே.

நாலாவது, 'டக்' என்று அமுக்கி மூடும் மலிவான தெளிந்த பெட்டிகள். அவற்றில் பல பொலிஸ்டைரின். டீவி, பேன் வாங்கினால் பெட்டிக்குள் வரும் ரிஜிபோம் இருக்கிறதே, அதுவும் இதே பொருள்தான், காற்று ஊதிப் பொங்க வைத்தது. ஒரு ரிஜிபோம் துண்டின்மேல் தோடம்பழத் தோலை மடித்துப் பிழிந்து பாருங்கள். தெறிக்கும் எண்ணெய் பட்ட இடம் குழி விழுந்து கரையும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. ஸ்டிக்கர் பசை நீக்க என்று வெளிநாட்டில் விற்கும் மருந்துகள் பலவற்றில் இந்தத் தோடம்பழ எண்ணெய்தான் சேர்கிறது. பசையைக் கரைக்கும், பொலிஸ்டைரின் பெட்டியையும் சேர்த்துக் கரைக்கும். யூகலிப்டஸ் தைலம், சிட்ரனெல்லா எண்ணெய் இரண்டையும் நம் பக்கத்தில் பசைக்குக் கைமருந்தாகச் சொல்வார்கள். சாடிக்கும் போத்தலுக்கும் சரி, இந்தப் பெட்டிக்கு வேண்டாம்.

எது எதென்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் இலக்கம் இருந்தால் அதிர்ஷ்டம்: 3 என்றால் பி.வி.சி., 5 பொலிப்ரொப்பிலீன், 6 பொலிஸ்டைரின். இல்லாவிட்டால் நம் குசினியே ஆய்வுகூடம். அட்டையை எடுத்துவிட்டு வெறும் பெட்டியைத் திறந்தபடி, குமிழி ஒட்டாமல் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பொலிப்ரொப்பிலீன். மற்ற மூன்றும் தாழும். இனி ஒரு லீட்டர் தண்ணீரில் 180 கிராம் உப்பைக் கரைத்து அதற்குள் விடுங்கள். இப்போது பொலிஸ்டைரின் மேலே வரும், அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் அடியிலேயே கிடக்கும். காந்தமும் ஆணியும் உள்ள பெட்டிக்கு இந்தச் சோதனை சரிவராது. இரும்பின் பாரம் கணக்கைக் குழப்பும், உப்பு நீர் துருவையும் கொண்டு வரும். அதை அக்ரிலிக் என்றே எண்ணி நடப்பதுதான் பாதுகாப்பு. மேசையில் மெல்லத் தட்டினால் தகரம் போலக் கணீரென்று ஒலிப்பதும் பொலிஸ்டைரினின் ஓர் அடையாளம். சிலர் நெருப்பில் காட்டிப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், பி.வி.சி. எரிந்தால் வரும் புகை நெஞ்சுக்குக் கேடு.

எங்கள் பெட்டி அக்ரிலிக். ரிமூவர் பட்டு வெள்ளை பாய்ந்தது ஏன் கழுவியும் போகவில்லை என்பதும் அப்போது புரிந்தது. அது படிந்த அழுக்கல்ல. பெட்டியின் தோலே கரைந்து மீண்டும் கரடுமுரடாக இறுகியிருக்கிறது. 'அசிட்டோன் இல்லாதது' என்று எழுதிய ரிமூவரும் இங்கே உதவாது, அசிட்டோனுக்குப் பதிலாக அதில் சேர்ப்பதும் பெரும்பாலும் இதே வேலையைச் செய்யும் இன்னொரு கரைப்பான்தான். பெயின்ட் தின்னரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இரண்டாவது பெட்டி

நாலாம் நாள் மகனிடம் நானே போனேன். மாப்புக் கேட்டேன். பிள்ளையிடம் மாப்புக் கேட்பதா என்று என் மாமிக்கு அது பிடிக்கவில்லை. கேட்டதில் எனக்குக் குறையொன்றும் வந்துவிடவில்லை. "மத்தப் பெட்டிய நான் தொடுறதுக்கு முதல்ல, கெட்டுப்போன பெட்டியில செஞ்சு காட்டுங்க" என்றான். சரியான நிபந்தனை. பழுதான பெட்டியின் பின்பக்கத்தில் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டி, ஒரு நாள் வைத்து, அதில் செய்து காட்டினேன். அவனுக்குத் திருப்தி வந்த பிறகே மற்றதைத் தந்தான்.

செய்த முறை இதுதான். கையைக் கழுவி உலர்த்திக்கொண்டு அட்டையை எடுத்து, ஓரங்களில் மட்டும் பிடித்து, சுத்தமான ஓர் உறைக்குள் வைத்தோம். அட்டை உள்ளே இருக்கும்போது எந்தத் திரவத்தையும் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. மூலையில் ஒரு துளி இறங்கினாலும் கடதாசி உறிஞ்சிக்கொள்ளும்.

பிறகு சூடு. ஹெயார் ட்ரையரைக் குறைந்த சூட்டில் வைத்து ஒரு சாண் தூரத்திலிருந்து ஸ்டிக்கரின் மேல் அரை நிமிடம் அசைத்து அசைத்துக் காட்டினேன். கை வைத்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. ட்ரையர் இல்லாத வீட்டில் வெந்நீர் நிறைத்த போத்தலைத் துணியில் சுற்றி ஸ்டிக்கரின்மேல் வைக்கலாம். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரைத் தன் முதுகின் மேலேயே மடித்துக்கொண்டு, பெட்டியோடு ஒட்டினாற்போல, மிக மெதுவாக இழுத்தோம். கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. முக்கால்வாசி முழுசாக வந்தது, ஒரு மூலையில் மட்டும் கடதாசியும் பசையும் தங்கிவிட்டன.

தங்கியது கடதாசி என்றால் வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் நனைத்த துணியைக் கால் மணித்தியாலம் மேலே போட்டு வைத்தால் ஊறிவிடும். மேற்பக்கம் பளபளவென்ற பிளாஸ்டிக் ஸ்டிக்கர் என்றால் நீர் உள்ளே போகாது, அதற்குச் சூடுதான். பசைக்கு முதல் மருந்து பசையேதான்: செலோ டேப் துண்டொன்றை அதன்மேல் அழுத்தி இழுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அதனோடு வரும். பெருவிரலால் உருட்டினால் திரி திரியாகத் திரளும்.

மிச்சத்துக்குத் தேங்காயெண்ணெய். இரண்டு துளி போதும். பத்து நிமிடம் விட்டுப் பழைய சாரன் துணியால், நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த துணியாக இருந்தால் நல்லது, வட்டமாகத் துடைத்தோம். பசைக்குள் எண்ணெய் புகுந்து அதன் பிடியைத் தளர்த்திவிடும். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துச் சகோதரிகள் உறைந்த எண்ணெயைக் கொஞ்சம் இளக்கி எடுக்க வேண்டியிருக்கும். பொலிஸ்டைரின் பெட்டி என்றால் எண்ணெயை நீண்ட நேரம் ஊற விடாதீர்கள், அழுத்தம் உள்ள இடங்களில் வெடிப்பு வரலாம். தடவி, துடைத்து, உடனே கழுவிவிடுங்கள். கடதாசிக் கைக்குட்டையால் தேய்க்கவும் வேண்டாம், அக்ரிலிக்கில் அது கூடக் கீறும். பிளேட்டும் இரும்பு நாரும் பக்கத்திலேயே வரக்கூடாது.

கடைசியில் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் ஒரு துளியும் வெதுவெதுப்பான நீரும். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, துணியில் ஒற்றி, நிழலில் இரவு முழுவதும் உலர விட்டோம். அவசரப்பட்டு ஈரத்தோடு அட்டையைப் போட்டு மூடினால் நம் நாட்டுப் புழுக்கத்துக்குப் பூஞ்சணம் பிடிப்பது நிச்சயம். வெயிலில் வைத்து உலர்த்துவதும் சரியில்லை.

பசையோடு வேலை செய்த கையைப் பற்றி ஒரு வார்த்தை. விரல் நுனியிலும் நக இடுக்கிலும் பசை படலமாக ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. வுழுச் செய்யப் போகுமுன் அதையும் எண்ணெய் தடவி எடுத்துவிட்டு நன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள், தண்ணீர் தோலில் பட வேண்டுமே.

மண்ணெண்ணெயும் லைட்டர் பெற்றோலும் பசையை நன்றாக எடுக்கும் என்று சொல்வார்கள். எடுக்கும், உண்மைதான். ஆனால் அடுப்பு எரியும் வீட்டில், பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில், பெருவிரல் அளவு பசைக்காக அதை வெளியில் எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கத்தை நம் வீடுகளில் இன்னும் விடவில்லை. சின்னப் பிள்ளைகள் எடுத்துக் குடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கதைகள் நம் ஊரிலேயே உண்டு. அப்படி நேர்ந்தால் பிள்ளையை வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வாந்தியில் அது சுவாசப்பைக்குள் போனால்தான் பெரிய ஆபத்து.

வெளிநாட்டிலிருந்து வரும் சில அட்டைகள், தரம் பார்த்து இலக்கம் போட்டு, திறக்க முடியாதபடி ஒட்டி மூடிய பெட்டியில் இருக்கும். அதைத் திறந்தால் அந்தத் தரச் சான்றும் போய்விடும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தண்ணீருக்குள் அமிழ்த்தாதீர்கள், ஒட்டிய விளிம்பு வழியாக ஈரம் புகலாம். சூடும் செலோ டேப்பும் போதும். மிஞ்சினால் துணி நுனியில் ஒரே ஒரு துளி எண்ணெய், பிறகு சவர்க்கார நீரில் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தல்.

பழுதான பெட்டியின் வெள்ளையை மாற்ற ஏதும் வழி உண்டா என்று கேட்பீர்கள். மேலோட்டமாக இருந்தால் அக்ரிலிக்குக்கென்று விற்கும் மினுக்கும் களிம்பைத் துணியில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்துக் குறைக்கலாம். பற்பசையும் கொஞ்சம் வேலை செய்யும் என்கிறார்கள். நான் ஒரு ஓரத்தில் செய்து பார்த்தேன், வெள்ளை கொஞ்சம் மங்கியது, அந்த இடத்தில் புதிதாக மெல்லிய கீறல்கள் வந்தன. அதோடு நிறுத்திவிட்டேன்.

தோழன் புறப்படுவதற்கு இரண்டு நாளுக்கு முன்பு மகன் அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். நல்ல பெட்டியைத்தான் கொடுத்தான். வெள்ளை பாய்ந்த பெட்டிக்குள் தன்னுடைய அரவிந்தவை வைத்துப் புத்தக அலுமாரியில் நிறுத்தியிருக்கிறான். பழுதான பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பதால், அட்டையின் பின்புறத்திலுள்ள ஓட்டக் கணக்குத்தான் நமக்குத் தெரிகிறது.